ஒன்பது பேர் விழுந்தால் கதவு திறக்கும்

சனிக்கிழமை மதியம் எட்டுப் பேர் வந்து விளையாடினார்கள். முடித்ததும் எட்டுப் பேரும் பதினாறு கேள்விகளுக்கும் ஐந்துக்கு ஐந்து என்று போட்டுக் கொடுத்தார்கள். நான் அந்தத் தாள்களுக்கு வரிசை எண் போட்டு, ஓரம் தட்டிச் சரிசெய்து, உறையில் வைத்து ஒட்டினேன். அவற்றைக் கிழித்துக் குப்பையில் போட வேண்டும் என்ற கோபம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத்தான் வந்தது. மூன்று நாள் தாமதம்.

எங்கள் அலுவலகம் சிங்கப்பூரில், ஜாலான் புசார் பக்கம், நான்காம் மாடி. ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைத்து, ஒரு பொருளைக் கையில் கொடுத்து, அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுதி வாங்குவதுதான் எங்கள் தொழில். ஷாம்பு, நூடுல்ஸ், பள்ளிக்கூடப் பை என்று பதினொரு வருஷமாக எழுதி வாங்கியிருக்கிறேன். வீடியோ கேம் இதுதான் முதல் தடவை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தயாரிக்கும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம். இன்னும் பெயர் வைக்கவில்லை. தாள்களில் ‘திட்டம் ஏழு’ என்று போட்டிருந்தது. அதன் ஐந்தாம் கட்டம் ஒரு தமிழ்க் கடற்கரை ஊரில் நடக்கிறது. சிப்பாய்கள் படகில் வந்து இறங்கி, ஆயுதம் வைத்திருப்பவர்களைத் தேடி வீடு வீடாகப் போகிறார்கள். விளையாடுகிறவர் அந்தச் சிப்பாய்களில் ஒருவர். தமிழர்களே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது அல்லவா, அதற்காகத் தமிழ் தெரிந்த ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எட்டுப் பேரையும் தேடிப் பிடித்தது நான்.

செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் குமரன் என்னைக் கூப்பிட்டார். முப்பத்தொரு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கெட்டவர் இல்லை. எதையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

“அக்கா, ரிப்போர்ட் வந்துடுச்சு. க்ளையன்ட் செம ஹேப்பி. ஃபுல் மார்க். ஒரே ஒரு சின்ன இஷ்யூதான், இங்க பாருங்க.”

கணினித் திரையில் ஒரு பட்டியல் இருந்தது. ஐந்தாம் கட்டத்தில் ஒரு வீட்டு முற்றம் வருகிறது. முற்றத்துக்குள் நுழைந்ததிலிருந்து பின்கதவைத் தாண்டும் வரை யாருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை இயந்திரமே குறித்து வைத்திருக்கிறது. மற்ற நாட்டு ஆட்டக்காரர்கள் சராசரி இருபத்தொரு விநாடி. எங்கள் எட்டுப் பேர் சராசரி பதினொரு நிமிடம். முகைதீன் என்பவருக்குப் பதினெட்டு நிமிடம்.

“ப்ளேயர்ஸ் கன்ஃப்யூஸ் ஆகியிருக்காங்க. எங்க போகணும், என்ன பண்ணணும்னு புரியல. அதனால க்ளையன்ட் ரெண்டு ஃபிக்ஸ் பண்றாங்க. ஒண்ணு, ஆளுங்க தலைக்கு மேல சிவப்பு அம்பு. ரெண்டாவது, தமிழ்ல ஒரு குரல். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

பிறகு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். சனிக்கிழமை எங்கள் அறையில் எடுத்தது. ஆட்டத்தின் சத்தமும் அறையின் சத்தமும் சேர்ந்து பதிவாகியிருந்தது. அன்றைக்கு எட்டுப் பேரும் காதில் ஹெட்ஃபோன் போட்டிருந்தார்கள். பின்னால் நின்ற எனக்குத் திரை மட்டும்தான் தெரிந்தது. ஆட்டத்தின் சத்தத்தை நான் அன்று கேட்கவே இல்லை. செவ்வாய்க்கிழமைதான் முதன்முதலாகக் கேட்டேன்.

முற்றத்தில் விருந்து நடக்கிறது. இரண்டு பெரிய தட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு பேர். பரிமாறுகிற முதியவர் ஒருவர். வாசலில் சிப்பாயின் துப்பாக்கி முனை தெரிகிறது. முதியவர் திரும்பிப் பார்க்கிறார். கைலியைச் சரிசெய்துகொண்டு, “வாங்க தம்பி. உள்ள வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும்,” என்கிறார். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், “அட, தள்ளி உக்காருங்கப்பா, தம்பிக்கு இடம் விடுங்க,” என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து முதியவர் மறுபடியும் கூப்பிடுகிறார். சுடாவிட்டால் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பேச்சுக்குக் கீழே எழுத்து வரவில்லை. தமிழ் தெரியாதவர்களுக்கு அது பின்னணி இரைச்சல்.

பத்தாவது நிமிடத்தில் அந்தப் பேச்சின் மேல் இன்னொரு குரல் வந்தது. “சுடுங்க பாய். ஒன்பது பேரும் விழுந்தாத்தான் கதவு திறக்கும். பின்னாடி ஆள் காத்திருக்காங்க.” என் குரல். பள்ளிப்பை ஆய்வில் ஜிப் எந்தப் பக்கம் என்று சொல்வேனே, அதே குரல்.

எனக்குக் கொடுத்திருந்த தாளில் ஆட்டக்காரர் பத்து நிமிடம் தேங்கி நின்றால் வழி சொல்லலாம் என்று எழுதியிருந்தது. வழி சொன்னேன். ஏழு பேருக்குச் சொன்னேன்.

“சூப்பர் நேச்சுரலா இருக்காம்,” என்றார் குமரன். “நீங்க சொன்னவுடனே எல்லாரும் அஞ்சு பத்து செகண்ட்ல சுட்டிருக்காங்க, பாய் மட்டும்தான் லேட். உங்க வாய்ஸையே கேம்ல வைக்கணும்னு கேக்கறாங்க. ரெண்டே ரெண்டு லைன்தான். வியாழக்கிழமை அதே எட்டுப் பேரை வச்சு ரீடெஸ்ட். மறுபடியும் அஞ்சுக்கு அஞ்சு வந்துட்டா, டப்பா மேலயே போடுவாங்க: சிங்கப்பூர்த் தமிழ் ஆட்டக்காரர்கள் பார்த்து ஒப்புக்கொண்டது. நம்ம கம்பெனிக்கு எவ்ளோ பெரிய பேரு.”

“குமரன், இவங்களுக்குப் புரியாம இல்ல. இவங்களுக்கு மட்டும்தான் புரிஞ்சிருக்கு. சாப்பிட வாங்கன்னு கூப்பிடுறவரை எப்படிச் சுடுறதுன்னு நின்னிருக்காங்க.”

“அப்ப ஏன் அஞ்சு போட்டாங்க? கேள்வி பதினாலு: உங்கள் சமூகம் மரியாதையோடு காட்டப்பட்டுள்ளதா? எட்டுப் பேரும் ‘மிகவும்’. எழுதி வாங்கினது நீங்கதானே?”

நான் பேச்சை மாற்றினேன்.

“என் குரலைக் குடுக்க மாட்டேன்.”

“அக்கா, ஏற்கெனவே குடுத்துட்டீங்க. ரூமுக்குள்ள ரெக்கார்ட் ஆகுறது எல்லாம் கம்பெனியோடது. வேலைக்குச் சேரும்போது சைன் பண்ணியிருக்கீங்க. புதுசா பேசினா கொஞ்சம் நீட்டா இருக்கும், அவ்ளோதான்.”

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த முதியவரை எழுதியவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியும். தெரிந்தேதான் எழுதியிருக்கிறான். அவன் மேல் வந்த கோபம், ஐந்து போட்ட எட்டுப் பேர் மேல் திரும்பியது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள்? எட்டுப் பேருக்கும் செய்தி அனுப்பினேன்: நாளை மாலை ஆறு மணி, தேக்கா உணவங்காடி, அவசியம் பேச வேண்டும்.

மூன்று பேர் வந்தார்கள்.

முகைதீன் பாய் முதலில் வந்து மேசை பிடித்து வைத்திருந்தார். ஐம்பத்து நான்கு வயது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் கைத்தொலைபேசி உறை விற்கிற கடை. துப்பாக்கி ஆட்டங்களை இருபது வருஷத்துக்கு மேலாக விளையாடுகிறவர். வர்ஷாவுக்கு இருபத்திரண்டு வயது, என் தோழியின் மகள், போட்டிகளில் ஆடிப் பரிசு வாங்குகிறவள். அழகப்பன் மலேசியாக்காரர், ஜொகூர். தினமும் எல்லைப் பாலம் தாண்டி இங்கே உட்லண்ட்ஸில் ஒரு சரக்குக் கிடங்குக்கு வேலைக்கு வருகிறவர், முப்பத்தாறு வயது இருக்கும். பால் சேர்க்காத தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

“ஒரே ஒரு கேள்வி,” என்றேன். “ஏன் அஞ்சு போட்டீங்க?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகப்பன்தான் வாய் திறந்தார்.

“பிரியாணி போட்டீங்களேக்கா.”

“என்னது?”

“கோவப்படாதீங்க. ஃபார்மைக் குடுத்துட்டு பக்கத்துலயே நின்னு, தம்பி இன்னொரு பீஸ் வைக்கவான்னு கேக்குறீங்க. ஒரு கையில எலும்பை வச்சுக்கிட்டு இன்னொரு கையால ஒரு மார்க் போடச் சொல்றீங்களா? எப்படிலா முடியும்?”

“நான் வெஜ்,” என்றாள் வர்ஷா. “எனக்கு வந்த தயிர் சாதம் ஐஸ் மாதிரி இருந்தது. நான் நீங்க அம்மாவோட ஃப்ரெண்டுன்னுதான் போட்டேன். லோ மார்க் போட்டா உங்களுக்கு ப்ராப்ளம் ஆகும்னு நெனச்சேன் ஆண்ட்டி.”

“எனக்கு எதுக்கு ப்ராப்ளம் ஆகும்? கேமை நானா செஞ்சேன்?”

“கேட்டது நீங்க,” என்றார் முகைதீன் பாய். “வேற எவனாவது தெரியாதவன் கேட்டிருந்தா மூணு பக்கம் எழுதியிருப்பேன். தெரிஞ்ச பொம்பளப் புள்ள, கூப்பிட்டு உக்கார வச்சு, நல்லா இருக்கா பாய்னு கேக்குது. நல்லா இல்லன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ற வளர்ப்பு நம்மகிட்ட கெடையாது தங்கச்சி.”

“அப்ப இப்பச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?”

“அசிங்கமா இருந்துச்சு,” என்றார் உடனே. சனிக்கிழமையிலிருந்து அந்தச் சொல்லை வாயிலேயே வைத்திருந்தது போல.

அதன்பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“எனக்கு ரத்தம் பிரச்சனை இல்லக்கா,” என்றார் அழகப்பன். “விடிகாலைல நாலு மணிக்கு எந்திரிச்சு செக்பாயின்ட்ல மாடு மாதிரி நிக்கிறேன். வேலைல ஒருத்தன் அங்க நில்லுங்கிறான், ஒருத்தன் இங்க நில்லுங்கிறான். சாயங்காலம் பஸ்ல போனைத் தொறந்து பத்துப் பேரைச் சுட்டாத்தான் நான் மனுஷனா வீட்டுக்குப் போவேன். கதை கிதைன்னு வந்தா ஸ்கிப். எவன் அப்பனை எவன் கொன்னான்னு எனக்கு எதுக்கு? ஜாம்பி குடு, ரோபோ குடு, கையில துப்பாக்கி வச்சிருக்கிறவனைக் குடு. நான் சுடுறேன். அந்த ஆளு என்னைப் பாத்து தம்பிங்கிறாரு. இந்தக் கட்டத்துல ஸ்கிப் பட்டன் எங்கன்னு தேடினேன், இல்ல.”

“கதை இல்லாம சுட்டா அது என்ன விளையாட்டு?” என்று பாய் அவர் பக்கம் திரும்பினார். “ஏன் சுடுறோம்னு தெரிய வேணாமா? நான் இருபது வருஷமா கதைக்காகத்தான் விளையாடுறேன். நல்ல கதைன்னா, தப்புப் பண்றதுக்கும் பண்ணாம இருக்குறதுக்கும் எனக்கு ஒரு வழி வைக்கணும். வாசல் வழியாத் திரும்பிப் போய்ப் பாத்தேன், மூடியிருக்கு. பின்கதவு மூடியிருக்கு. துப்பாக்கியைக் கீழ போடலாம்னா அதுக்குப் பட்டன் கெடையாது. அப்புறம் என்ன கதை?”

“கதைதான் பாய் பிரச்சனையே,” என்றாள் வர்ஷா. இவள் அமைதியான பெண் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். “நான் ஒரு நாளைக்கு இருநூறு பேரைச் சுடுறேன். அவங்களும் என்னைச் சுடுறாங்க. எல்லாரும் ப்ளேயர்ஸ், யாரும் சாகறதில்ல, அடுத்த ரவுண்ட்ல ஹாய் சொல்லிக்குவோம். அதுல பொய் இல்ல. இது அப்படியா? நம்மளைச் சுட வச்சுட்டு அப்புறம் என்ன காட்டுறான்? கேப்டன் மழையில உக்காந்து தலைல கை வச்சு அழறான். வயலின் வேற. டைம் பாத்தேன். ஒன்பது பேர் சாகறது பத்து செகண்ட். இவன் ஃபீல் பண்றது நாலு நிமிஷம். அதை ஸ்கிப்பும் பண்ண முடியாது. யாரோட கதை அது? செத்தவங்க ஒருத்தருக்காவது பேரு இருந்துச்சா?”

“பேரு இல்ல. ஆனா தட்டு கரெக்டா இருந்துச்சு,” என்றார் அழகப்பன். “அதை நெனச்சுத்தான் மரியாதை கேள்விக்கு டிக் அடிச்சேன்.”

“அது தட்டு இல்ல தம்பி, சகன்.” பாய் மேசையில் விரலால் வட்டம் போட்டார். “ஒரு சகனுக்கு நாலு பேர். எங்க வீட்டுக் கல்யாணத்துல எப்படி உக்காருவோமோ அப்படியே வச்சிருக்கான். முட்டி மடக்கி உக்காந்திருக்கிற விதம்கூடத் தப்பில்ல. எவ்ளோ நாள் வந்து பாத்திருப்பான்? எவன் வீட்டுலயோ உக்காந்து சாப்பிட்டுத்தானே பாத்திருப்பான்? ரெண்டு சகனுக்கு எட்டு, பரிமாற ஒண்ணு, ஆக ஒன்பதுன்னு எழுதிக்கிட்டுப் போயிருக்கான்.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் குரலைத் தாழ்த்தினார். ஆனால் இந்த முறை என்னைப் பார்த்துப் பேசினார்.

“நீங்க எங்ககிட்ட ஏன்னு கேக்குறீங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். பதினெட்டு நிமிஷம் நின்னேன். அந்தப் பெரியவர் இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பாரு. நான் எந்திரிச்சுப் போயிடலாமான்னு இருந்தேன். அப்பத்தான் ரெண்டாவது தடவையா தோள் பக்கத்துல வந்து நின்னீங்க. சுடுங்க பாய், பின்னாடி ஆள் காத்திருக்காங்கன்னீங்க. ஆள் காத்திருக்காங்கங்கிறதுக்காகச் சுட்டேன்.”

“எனக்குச் சத்தம் கேக்கல பாய். ஹெட்ஃபோன் உங்க காதுலதானே இருந்துச்சு. அவர் கூப்பிட்டது எனக்கு நேத்துத்தான் தெரியும்.”

“கேக்கல. சரி. கண்ணு தெரிஞ்சுதுல்ல? சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற ஒன்பது பேர். ஒருத்தன் கையிலயும் துப்பாக்கி இல்ல. அது தெரிஞ்சுதா இல்லையா?”

“தெரிஞ்சுது.”

“தெரிஞ்சும் சுடுன்னீங்க.”

“பாய், விடுங்க,” என்றார் அழகப்பன்.

“நான் விட்டுட்டேன்லா. இவங்கதான் நம்மளைக் கூப்பிட்டு வச்சு ஏன்னு கேக்குறாங்க.”

என் கோபம் முழுவதும் திரும்பி வந்து என் மேலேயே விழுந்தது. யாரையும் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் கேட்டேன். கேட்காவிட்டால் வியாழக்கிழமையும் ஐந்து விழும், பெட்டியின் மேல் எங்கள் எட்டுப் பேரின் சம்மதம் விழும், உள்ளே என் குரல் வரும். உலகத்தில் எங்கெங்கோ எத்தனை பிள்ளைகள் காதிலோ நான் சுடுங்க, சுடுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பேன். சிவப்பு அம்பு, டப்பா, குரல் மூன்றையும் அவர்களுக்குச் சொன்னேன்.

வர்ஷா ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். என் முன்னால் அவள் அப்படிப் பேசியதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

“நாளைக்கு வாங்க,” என்றேன். “இங்க சொன்னதை அங்க எழுதுங்க. சாப்பாடு கெடையாது. தண்ணிகூட வைக்க மாட்டேன்.”

“பாலம் தாண்டி வர்றவனுக்குத் தண்ணியாவது வைங்கக்கா,” என்றார் அழகப்பன். யாரும் சிரிக்கவில்லை. பாய் மட்டும் வருவதாகச் சொல்லாமலே எழுந்து போனார்.

வியாழக்கிழமை பாய்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். புதிய படிவத்தைப் பார்த்தேன். எழுதுவதற்கு ஒரு கோடுகூட இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து முகங்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரை. ஒன்றைத் தொட வேண்டும். வேலை சீக்கிரம் முடியும் என்று குமரன் சொன்னார். அவர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இந்த முறை ஒரு ஹெட்ஃபோனை இயந்திரத்தில் செருகிக் காதில் போட்டுக்கொண்டேன்.

முற்றம் வந்தது. ஒன்பது தலைகளுக்கு மேலும் சிவப்பு அம்புகள் மினுக்கின. முதியவர், “வாங்க தம்பி,” என்றார். அதன் மேல் என் குரல் வந்தது. புதிதாகப் பேச மறுத்துவிட்டேன் என்பதால் சனிக்கிழமை பேசியதையே வெட்டிப் போட்டிருந்தார்கள். ‘பாய்’ என்ற சொல்லை நீக்கிவிட்டிருந்தார்கள். “சுடுங்க. ஒன்பது பேரும் விழுந்தாத்தான் கதவு திறக்கும்.” பத்து விநாடிக்கு ஒரு தடவை.

முகைதீன் பாய் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். வர்ஷா அம்புகளைச் சுட்டாள். அம்பில் குண்டு படாது. எல்லாம் வானத்துக்குப் போனது. குண்டு தீர்ந்தால் ஆட்டம் தானாகவே நிரப்பித் தருகிறது. அவள் மறுபடியும் தீர்த்தாள். பதினோரு தடவை தீர்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. அழகப்பன் சுட்டார். நாற்பது விநாடியில் ஒன்பது பேரையும் சுட்டு முடித்து, கதவு திறந்ததும் உள்ளே போகாமல் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “அக்கா, ஒரு பேப்பர் குடுங்க,” என்று கேட்டார். மற்ற ஐந்து பேரில் மூவர் முற்றத்திலேயே நின்றார்கள். இருவர் அம்பைப் பார்த்துச் சுட்டு, கட்டத்தை முடித்து, சிரித்த முகத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. அவர்களிடம் நான் பேசவே இல்லை.

அச்சுப்பொறியிலிருந்து வெள்ளைத் தாள்களை எடுத்து மீதி ஆறு பேருக்கும் கொடுத்தேன். தமிழில் எழுதினார்கள். பாய் இரண்டு பக்கம் எழுதினார், முதல் வரியில் தன் முழுப்பெயரும் கடை முகவரியும் போட்டு. சனிக்கிழமை தான் போட்ட ஐந்துகள் எல்லாம் ஆட்டத்துக்கு இல்லை, கூப்பிட்டவருக்கு என்றும், அவற்றைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். மற்ற ஐந்து பேரும் தாங்களும் அப்படியே என்று அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். வர்ஷா, ‘செத்தவர்களுக்குப் பேர் வையுங்கள், அப்புறம் அழுங்கள்’ என்று எழுதியிருந்தாள். அழகப்பன் எழுதியது நான்கு வரி. ‘நான் சுட்டேன். அம்பு காட்டியதால் வேகமாகச் சுட்டேன். யாரும் சொல்லாமல் இருந்தால் இன்னும் நின்றிருப்பேன். என்னைக் குழம்பியவன் என்று எழுதாதீர்கள்.’

குமரன் அறைக்குள் வந்தார். “இது என்ன பேப்பர்?”

“அவங்க கருத்து.”

“இது டேட்டா இல்லக்கா. ஃபார்ம்தான் டேட்டா. மூணு பேர்கூட மூஞ்சியைத் தொடல. டெஸ்டே வேஸ்ட். நீங்க இவங்ககிட்ட முன்னாடியே பேசினீங்களா?”

“பேசினேன். தேக்காவுல. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு.”

“அக்கா, அது ரூல் பிரேக். தெரியும்ல?”

“தெரியும். நீங்க இந்தக் கட்டத்தை விளையாடினீங்களா குமரன்?”

“விளையாடினேனே. எல்லாத்துக்கும் முன்னாடி செக் பண்ணினது நான்தான். இருபது செகண்ட்.”

“சத்தத்தோடயா?”

“அப்ப ஒரு ஃபோன் கால்ல பேசிட்டு இருந்தேன். ம்யூட்ல போட்டிருந்தேன். அதுக்கு என்ன இப்ப?”

ஹெட்ஃபோனை அவரிடம் நீட்டினேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “இப்ப விளையாடுங்க. நீங்களும் தமிழ்தானே. இந்த ஆறு பேரும் புரியாம நின்னாங்கன்னு எழுதப் போறது நீங்க. ஒரு தடவை காதுல கேட்டுட்டு எழுதுங்க.”

மறுப்பார் என்று நினைத்தேன். எல்லோரும் பார்த்ததாலோ என்னவோ உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை மாட்டினார். நான் பழைய இயந்திரத்தைப் போட்டேன், அம்பும் என் குரலும் இல்லாததை. முற்றம் வந்தது. திரை ஓரத்தில் விநாடி எண்கள் ஓடத் தொடங்கின.

பத்து விநாடி. இருபது. அவர் கை அசையவில்லை. முதியவரின் வாய் அசைவது தெரிந்தது. முப்பது. குமரன் ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார், மூடியிருந்தது. நாற்பது. எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. நாற்பத்தாறாவது விநாடியில் சுடத் தொடங்கினார். ஐம்பத்திரண்டில் கதவு திறந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். “பாத்தீங்களா? கேட்டேன், புரிஞ்சுது, முடிச்சேன். கேம்க்கா. இதுக்குப் போய் இவ்ளோ சீன்.”

பாய் தன் தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார்.

நான் என் மேசைக்குப் போய் அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆறு பேரின் தாள்களையும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றினேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. கீழே, சனிக்கிழமை பெற்ற மதிப்பெண்கள் எந்தச் சூழ்நிலையில் பெறப்பட்டன என்பதையும், அவற்றில் ஆறு திரும்பப் பெறப்படுகின்றன என்பதையும், என் குரலை என் சம்மதம் இல்லாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதையும் தனித்தனிப் பத்தியாக எழுதினேன். பிறகு அவர்களுடைய பட்டியலையே எடுத்தேன். பெயர், வயது, நேரம், காரணம். எட்டு வரிசைக்கும் காரணம் என்ற இடத்தில் ‘குழப்பம்’ என்று இருந்தது. ஆறு பேருக்கு அதை அடித்து அவரவர் எழுதியதைப் போட்டேன். இரண்டு பேரின் வரிசையைத் தொடவில்லை.

கீழே ஒன்பதாவது வரிசை சேர்த்தேன். பாக்கியலட்சுமி, நாற்பத்தேழு. விளையாடவில்லை. ஏழு பேரிடம் ‘சுடுங்க’ என்று சொன்னார்.

பத்தாவது வரிசையும் சேர்த்தேன். குமரன், முப்பத்தொன்று. ஐம்பத்திரண்டு விநாடி. தமிழ் தெரியும், சத்தம் கேட்டது, குழப்பம் இல்லை. சுட்டார்.

குமரன் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார்.

“என்னக்கா இது? என் பேர் எதுக்கு அதுல?”

“புரியாமத்தான் தமிழாளுங்க நின்னாங்கன்னு எழுதியிருக்காங்க. புரிஞ்ச ஆள் ஒருத்தர் என்ன பண்ணினார்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

“நான் ப்ளேயர் இல்ல. நான் மேனேஜர்.”

“விளையாடினீங்க. மெஷின்ல பதிவாகியிருக்கு.”

“என் வைஃப், எங்கப்பா எல்லாரும் பாப்பாங்கக்கா, இந்த மாதிரி பேப்பர் எல்லாம் எங்கெங்கயோ போயிடும்.” அவர் குரல் அன்றைக்கு முதன்முறையாக மாறியது. “அனுப்பினீங்கன்னா நாளைலேருந்து வர வேணாம். சீரியஸா சொல்றேன்.”

“சரி.”

“சரின்னா? என் பேரை மட்டுமாவது எடுங்க.”

“என் பேருக்குக் கீழதான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.